ஸ்ட்ரீமிங் பாக்ஸில் குவியும் சேனல்கள், வராத அப்டேட்கள்: நாம் செய்யும் தவறுகள்

டிவியைப் போட்டதும் அம்மா ரிமோட்டின் கீழ் அம்பை அழுத்த ஆரம்பித்தார். வரிசைக்கு மூன்று ஐகான். அவர் தினமும் பார்க்கும் ஆப் 14-வது வரிசையின் நடுவில் இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து எண்ணினேன்: 13 முறை கீழே, ஒரு முறை வலப்பக்கம், அப்புறம் ஓகே. ஒரு நிகழ்ச்சியைப் பார்க்க 15 அழுத்தல். அந்தத் திரையில் 40-க்கும் மேற்பட்ட ஆப்கள் இருந்தன. எங்கள் வீட்டில் யாராவது திறப்பது ஐந்தோ ஆறோதான். இணையவழி நிகழ்ச்சிகளை டிவியில் காட்டும் ஸ்ட்ரீமிங் பாக்ஸ் மெதுவாகிவிட்டது, புதிதாக ஒன்று வாங்கிவிடலாம் என்று பேச்சு எழுந்ததும் அந்த வாரம்தான். வாங்கவில்லை. உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தபோது, பெரும்பாலான கோளாறு நாங்கள் அதைப் பயன்படுத்திய விதத்திலேயே இருந்தது தெரிந்தது.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். ‘அப்டேட் வரவில்லை’ என்று நாம் சொல்வது மூன்றில் ஒன்றாக இருக்கலாம். பாக்ஸின் இயங்குதளம் பழசாக இருக்கலாம். ஏதோ ஒரு ஆப் பழசாக இருக்கலாம். அல்லது நேரலைச் சேனல்களின் பட்டியலும் நிகழ்ச்சி அட்டவணையும் பழசாக இருக்கலாம். இயங்குதளத்தை அனுப்புவது பாக்ஸ் நிறுவனம். ஆப்பை அனுப்புவது அதை உருவாக்கியவர்கள், ஸ்டோர் வழியாக. சேனல் பட்டியல் அந்தந்த ஆப்பின் சர்வரிலிருந்து வருகிறது. ஒரு சேனலின் பெயர் மாறிய பிறகும் பழைய பெயரே தெரிந்தால், இயங்குதளத்தை எத்தனை முறை அப்டேட் செய்தாலும் அது மாறாது. ஆப்பை முழுவதுமாக மூடித் திறந்தால் அல்லது அதன் கேஷை (தற்காலிகமாகச் சேமித்த கோப்புகளை) அழித்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். எது பழசு என்று பார்க்காமல் கைக்கு வந்ததை அழுத்துவதுதான் நான் அடிக்கடி பார்க்கும் தவறு.

எம்3யு எனப்படும் சேனல் இணைப்புகளின் பட்டியலைக் கொடுத்துச் சேனல் பார்க்கும் ஐபிடிவி (இணையவழி டிவி) பிளேயர் ஆப்கள் பலவற்றில், பட்டியலையும் அட்டவணையையும் எத்தனை மணி நேரத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும் என்று ஒரு செட்டிங் இருக்கும். அதை யாரும் திறந்தே பார்ப்பதில்லை. இன்னொன்று, ஆயிரக்கணக்கான சேனல்கள் உள்ள பட்டியலை அப்படியே ஏற்றிவிட்டு ஆப் திறக்க நேரமாகிறது என்று வருந்துவது. நாம் பார்க்காத மொழிகள், நாடுகள் எல்லாவற்றின் குழுக்களையும் மறைத்துவிட்டு, பார்ப்பவற்றை மட்டும் ஃபேவரிட்டில் போட்டு வைத்தால், தேடும் வேலை பாதியாகக் குறையும்.

இப்போது எனக்கு மிகவும் நேரம் எடுத்த தவறுக்கு வருகிறேன். டிவியின் எச்டிஎம்ஐ போர்ட்டிலேயே செருகும் ஸ்டிக் வகைச் சாதனம் என்றால் கூடவே ஒரு சிறிய அடாப்டர் வரும். அதை எடுத்துச் சுவரில் செருகாமல், டிவியின் பின்னால் இருக்கும் யூஎஸ்பி போர்ட்டிலேயே செருகிவிடுகிறோம். வயர் வெளியே தெரியாது, பார்க்க அழகாக இருக்கும். நானும் அப்படித்தான் வைத்திருந்தேன். யூஎஸ்பி 2.0 போர்ட் தரவேண்டியது 500 மில்லி ஆம்பியர்தான். பல ஸ்டிக்குகள் 1 ஆம்பியர் அளவுக்குக் கேட்கும். மின்சாரம் போதாதபோது நடுவில் தானாக ரீஸ்டார்ட் ஆவது, ரிமோட்டுக்குத் தாமதமாகப் பதில் தருவது எல்லாம் நடக்கும்.

அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. பல டிவிகளில் டிவியை அணைத்ததும் யூஎஸ்பி போர்ட்டுக்கு மின்சாரம் நின்றுவிடும். ஸ்டிக்கும் முழுவதுமாக அணைந்துவிடும். இந்தச் சாதனங்கள் அப்டேட்களை இறக்கிக்கொள்வது நாம் பார்க்காமல் சும்மா விட்டிருக்கும் நேரத்தில்தான். ரோக்கு நிறுவனத்தின் ஸ்ட்ரீமிங் சாதனம் 24 முதல் 36 மணி நேரத்துக்கு ஒருமுறை தானாகவே புதிய பதிப்பு இருக்கிறதா என்று பார்க்கும். இரவு முழுவதும் மின்சாரமே இல்லாத சாதனம் எதைப் பார்க்கும்? மாலையில் நாம் டிவியைப் போடும்போது அது முதலிலிருந்து பூட் ஆகி, விட்டுப்போன ஆப் அப்டேட்களை அந்த நேரத்தில்தான் இறக்க ஆரம்பிக்கும். நாம் படம் பார்க்க உட்காரும் அதே நேரத்தில் அதுவும் வேலை செய்வதால்தான் எல்லாம் இழுத்து இழுத்து நகர்கிறது. நான் அடாப்டரைச் சுவரில் செருகிவிட்டுப் படுத்தேன். மறுநாள் காலை இயங்குதளத்தின் பதிப்பு எண் மாறியிருந்தது. பல மாதமாக வராத அப்டேட் ஒரே இரவில் வந்துவிட்டது.

தூங்கப் போகும்முன் எக்ஸ்டென்ஷன் போர்டின் சுவிட்சை அணைக்கும் பழக்கம் உள்ள வீடுகளிலும் இதே கதைதான். மின்சாரத்தை மிச்சப்படுத்தும் நல்ல எண்ணம்தான், குறை சொல்லவில்லை. வாரத்துக்கு ஓர் இரவாவது பாக்ஸுக்கு மட்டும் மின்சாரத்தை விட்டுவையுங்கள். அப்டேட் ஏறிக்கொண்டிருக்கும்போது மட்டும் எக்காரணம் கொண்டும் பிளக்கைப் பிடுங்காதீர்கள்.

அடுத்தது இடப் பற்றாக்குறை. பல ஸ்டிக்குகளில் இருப்பது 8 ஜிபி ஸ்டோரேஜ். அதில் இயங்குதளத்துக்குப் போக நமக்கு மிஞ்சுவது ஏறக்குறைய 5 ஜிபி, சிலவற்றில் அதற்கும் குறைவு. அப்டேட் வந்தால் அதை இறக்கி வைக்கவும் இடம் வேண்டும். இடம் இல்லாவிட்டால் அது தோல்வியடையும்; சில சமயம் எந்தச் செய்தியும் காட்டாது. அமேசானின் ஃபயர் டிவியில் செட்டிங்ஸுக்குள் அப்ளிகேஷன்ஸ் பகுதியில் நிறுவிய ஆப்களின் பட்டியல் இருக்கும். ஒவ்வொன்றும் எவ்வளவு இடத்தைப் பிடித்திருக்கிறது என்று அங்கே தெரியும். கேஷை அழிப்பதும் டேட்டாவை அழிப்பதும் ஒன்றல்ல என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். கேஷ் தற்காலிகக் கோப்பு, போனால் போகட்டும். டேட்டாவை அழித்தால் லாகின் போய்விடும். பாஸ்வேர்டை ரிமோட்டால் ஒவ்வொரு எழுத்தாக அடிக்க வேண்டிவரும்.

சரி, 40 ஆப்களை என்ன செய்வது? ‘என்றாவது தேவைப்படும்’ என்று விட்டுவைப்பதே குவியலுக்குக் காரணம். இலவச ஆப்பை நீக்கினாலும் ஸ்டோரில் அது அப்படியே இருக்கும், வேண்டும்போது இரண்டு நிமிடத்தில் திரும்ப வந்துவிடும். ஆனால் ஆப்பை நீக்கினால் சந்தாவும் நின்றுவிடும் என்று நினைத்துவிடக் கூடாது. பணம் மாதாமாதம் போய்க்கொண்டேதான் இருக்கும். ரோக்கு வழியாகவே சந்தா கட்டியிருந்தால் முதலில் அதை ரத்து செய்தால்தான் அந்த ஆப்பை நீக்கவே விடும். அங்கே ஐகானின் மேல் நின்று நட்சத்திரப் பட்டனை அழுத்தினால் இடம் மாற்றவும் நீக்கவும் வழி வரும். சாதனத்தோடு வந்த சில ஆப்களை நீக்க முடியாது. அவற்றைப் பட்டியலின் அடிக்குத் தள்ளுங்கள். நான் அம்மாவோடு உட்கார்ந்து, கடந்த இரண்டு மாதத்தில் திறக்காத எல்லாவற்றையும் நீக்கினேன். அவருடைய ஆப் முதல் வரிசைக்கு வந்தது. அரை மணி நேரம்கூட ஆகவில்லை. இதை இத்தனை நாள் செய்யாமல் விட்டதற்கு உண்மையிலேயே வருத்தப்பட்டேன். வயதானவர்களுக்கு அந்த 15 அழுத்தல் சின்ன விஷயம் இல்லை.

முகப்பில் வரும் பரிந்துரை வரிசைகளும் தானாக ஓடும் டிரெய்லர்களும் இன்னொரு சுமை. ஃபயர் டிவியில் தானாக ஓடும் வீடியோவை ப்ரிஃபரன்சஸ் பகுதியில் நிறுத்திவிடலாம். கூகுள் டிவியில் ஆப்களை மட்டும் காட்டும் முறை ஒன்று உண்டு. அதைத் தேர்ந்தெடுத்தால் தனிப்பட்ட பரிந்துரைகளும் அசிஸ்டென்ட்டும் இருக்காது, யோசித்துச் செய்யுங்கள்.

மெதுவாகிவிட்டால் உடனே ஃபேக்டரி ரீசெட் செய்வது தேவையில்லாத வேலை. முதலில் ரீஸ்டார்ட் செய்து பாருங்கள். ரிமோட்டில் பவர் பட்டனை அழுத்தினால் பாக்ஸ் தூங்குகிறது, அவ்வளவுதான். நினைவகத்தில் இருப்பவை அப்படியே இருக்கும். ஃபயர் டிவியில் நடுப் பட்டனையும் பிளே பட்டனையும் சேர்த்து சில நொடிகள் பிடித்தால் ரீஸ்டார்ட் ஆகும். ரோக்குவில் ஹோம் 5 முறை, மேல் அம்பு ஒரு முறை, ரிவைண்ட் 2 முறை, ஃபாஸ்ட் ஃபார்வர்ட் 2 முறை. செட்டிங்ஸிலும் இதற்கு வழி உண்டு.

வைஃபையைப் பற்றி ஒன்றே ஒன்று. சோபாவில் வைத்து போனில் பார்த்த வேகம் டிவியின் பின்னால் ஒட்டிக்கொண்டிருக்கும் ஸ்டிக்குக்குக் கிடைக்காது. கூடவே வரும் சிறிய எச்டிஎம்ஐ நீட்டிப்பு வயரைப் போட்டு ஸ்டிக்கை டிவியின் உடம்பிலிருந்து கொஞ்சம் வெளியே தள்ளுங்கள்.

பக்கத்து வீட்டுக்கு வந்த புதிய பதிப்பு நமக்கு வரவில்லையே என்று ‘செக் நவ்’ பட்டனைத் திரும்பத் திரும்ப அழுத்துவதிலும் பலன் இல்லை. நிறுவனங்கள் புதிய பதிப்பை எல்லாருக்கும் ஒரே நாளில் விடுவதில்லை. முதலில் சிலருக்கு விட்டு, சிக்கல் வருகிறதா என்று பார்த்த பிறகே மற்றவர்களுக்குத் திறக்கின்றன.

அப்டேட்டே வராத பாக்ஸ்களும் இருக்கின்றன. பெயர் தெரியாத நிறுவனத்தின் ஆண்ட்ராய்டு பாக்ஸை, எல்லாச் சேனலும் இலவசம் என்ற ஒரே காரணத்துக்காக வாங்குவது இந்தப் பட்டியலிலேயே ஆபத்தான தவறு. 2025 ஜூனில் அமெரிக்காவின் எஃப்பிஐ, பேட்பாக்ஸ் 2.0 என்ற தீநிரல் (மால்வேர்) வலையைப் பற்றி எச்சரிக்கை வெளியிட்டது. டிவி பாக்ஸ் போன்ற சாதனங்களில் விற்பனைக்கு முன்பே தீநிரல் ஏற்றப்பட்டிருக்கலாம், அல்லது முதல்முறை அமைக்கும்போது இறக்கச் சொல்லும் ஆப்கள் வழியாக அது நுழையலாம் என்றது. பிறகு வீட்டின் இணைய இணைப்பையே குற்றவாளிகள் பயன்படுத்திக்கொள்வார்கள். கூகுளின் பாதுகாப்புச் சோதனையான பிளே ப்ரொடெக்ட்டை அணைக்கச் சொன்னாலோ, அறியாத ஸ்டோரிலிருந்து ஆப் இறக்கச் சொன்னாலோ அங்கேயே நிறுத்திவிடுங்கள். அப்படி ஒரு பாக்ஸ் ஏற்கெனவே வீட்டில் இருந்தால் வைஃபையிலிருந்து துண்டித்துவிட்டு, அதில் நுழைந்திருந்த கணக்குகளின் பாஸ்வேர்டுகளை வேறொரு சாதனத்திலிருந்து இன்றைக்கே மாற்றுங்கள்.