ஆதார் நகலைக் கொடுக்கும் முன்

செங்கோட்டையில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். தென்மலை, புனலூர் பக்கம் வேலைக்குப் போகிறவர்கள் காலையிலேயே ஆதார் நகல் எடுக்க வந்து நிற்பார்கள். லாட்ஜுக்கு ஒன்று, சிம் கார்டுக்கு ஒன்று. சரியாக விழாத நகலை மேசையிலேயே விட்டுவிட்டுப் பஸ்ஸுக்கு ஓடிவிடுவார்கள். நான் அதைச் சுக்குச்சுக்காகக் கிழித்துத்தான் குப்பையில் போடுவேன். எல்லாக் கடையிலும் அப்படிச் செய்வார்கள் என்று நம்பாதீர்கள், கையோடு வாங்கிக்கொள்ளுங்கள்.

நகல் கொடுக்கும்போது பேனாவால் அதன் குறுக்கே எழுதுங்கள்: "புனலூர் லாட்ஜ் அறைக்கு மட்டும்", தேதி, கையெழுத்து. எழுத்து படத்தின் மேலும் ஏற வேண்டும். ஓரத்தில் எழுதினால் அதை மறைத்து மறுநகல் எடுத்துவிடலாம். அதைவிட நல்லது, கடைசி 4 எண் மட்டும் தெரியும் மாஸ்க்டு ஆதார். ஆதார் இணையதளத்திலேயே இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். வாட்ஸ்அப்பில் அனுப்பி பிரிண்ட் எடுத்தால், முடிந்ததும் உங்கள் கண் முன்னால் அழிக்கச் சொல்லுங்கள். கேட்பதில் கூச்சமே வேண்டாம்.

போன வருடம் என் தம்பி பெயரில் அவனுக்கே தெரியாமல் 2 சிம் ஓடிக்கொண்டிருந்தன. பதறிப்போனோம். மத்திய தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் அவன் எண்ணைப் போட்டு ஓடிபி கொடுத்ததும், அவன் பெயரில் இருக்கும் சிம்களின் பட்டியல் வந்தது. "என் எண் அல்ல" என்று குறித்துப் புகார் கொடுத்தோம். மாதம் ஒருமுறையாவது பாருங்கள்.

அப்புறம், ஆதார் செயலியில் கைரேகையைப் பூட்டி வையுங்கள், நீங்கள் திறக்கும்வரை அதை வேறு யாரும் பயன்படுத்த முடியாது. ரேஷன் வாங்கும் நாளில் திறந்தால் போதும். மோசடியில் பணம் போய்விட்டதென்றால் யோசிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழையுங்கள்.