நம் கோயில், நம் பள்ளி, நம் தலைவர்: விக்கிப்பீடியாவில் எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலேசியத் தோட்டத்து வரலாற்றை எழுதி வைக்க வெளியிலிருந்து யாரும் வரப்போவதில்லை. ரப்பர் மரங்களைச் சாய்த்துச் செம்பனை நட்டார்கள், அப்புறம் வீடமைப்புத் திட்டங்கள் வந்தன, தொழிலாளர் குடியிருந்த லயங்கள் போயின. பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் போன்ற ஊர்களில் அந்தக் கதையைச் சொல்லக்கூடியவர்கள் அங்கே பிறந்து வளர்ந்தவர்கள்தான். அவர்கள் தமிழ் விக்கிப்பீடியாவில் எழுத வேண்டும் என்று மனதார விரும்புகிறேன். ஆனால் விஷயம் தெரிந்தவரே பெரும்பாலும் சம்பந்தப்பட்டவராகவும் இருக்கிறார்: கோயில் செயலாளர், பெற்றோர் ஆசிரியர் சங்கப் பொறுப்பாளர், தலைவருடைய மகன். இந்த நிலையைத்தான் நலமுரண் என்கிறோம். அது இருப்பது குற்றமில்லை, மறைத்தால்தான் வம்பு.

“எனக்கு யாரும் காசு கொடுக்கவில்லையே, எனக்கு என்ன நலமுரண்?” என்று கேட்பதுதான் முதல் தவறு. உறவு, வேலை, பதவி, கட்சி எல்லாமே கணக்கில் வரும். பகையும் வரும். கோயில் நிர்வாகத் தேர்தலில் தோற்றவர் அந்தக் கோயிலின் பக்கத்தில் ‘சர்ச்சைகள்’ என்று புதிதாக ஒரு பகுதி தொடங்கினால் அதுவும் நலமுரண்தான். சுங்கை சிப்புட் நாடாளுமன்றத் தொகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். 1974 முதல் 2008 வரை ம.இ.கா.வின் (மலேசிய இந்திய காங்கிரஸ்) சாமிவேலு அதன் உறுப்பினர். 2008இல் அவரை வென்றவர் மருத்துவர் ஜெயக்குமார் தேவராஜ். ம.இ.கா. கிளையில் பொறுப்பில் இருப்பவரும், எதிரணிக்கு வாக்குக் கேட்டு வீடு வீடாகப் போனவரும் அந்தத் தேர்தலைப் பற்றிய பத்தியில் நேராகக் கை வைக்காமல் இருப்பதே நல்லது.

அடுத்தது, மேடையில் பேசுவதுபோல எழுதுவது. “மாண்புமிகு டத்தோ அவர்களின் அயராத உழைப்பாலும் தன்னலமற்ற சேவையாலும் இப்பள்ளி இன்று மாநிலமே போற்றும் வண்ணம் தலைநிமிர்ந்து நிற்கிறது.” ஆண்டு விழாவில் இப்படிச் சொன்னால் கைதட்டுவார்கள். டத்தோ என்பது மலேசியாவில் தரப்படும் ஒரு பட்டம். கலைக்களஞ்சியத்தில் இந்த வரி எதையும் சொல்லவில்லை. பள்ளி எந்த ஆண்டு தொடங்கியது, நிலம் யாருடையது, புதுக் கட்டடத்துக்குப் பணம் எங்கிருந்து வந்தது, எந்த நாளிதழில் செய்தி வந்தது என்று எழுதுங்கள். டத்தோ உண்மையிலேயே உதவியிருந்தால், எந்த ஆண்டு என்ன செய்தார் என்று ஒரே வரியில் போதும். எனக்கு மிகவும் வருத்தம் தருவது வேறு. இந்தப் புகழுரைகளில் பால் மரம் வெட்டி ரப்பர் பால் எடுத்தவர்கள் காணாமல் போகிறார்கள். சம்பளத்தில் பிடித்துக் கொடுத்துப் பள்ளியையும் கோயிலையும் எழுப்பிய குடும்பங்களுக்கு அங்கே ஒரு வரிகூட மிஞ்சுவதில்லை.

ஆதாரத்துக்குக் கும்பாபிஷேக மலரையும் பள்ளி ஆண்டு மலரையும் மட்டும் காட்டுவதும் தவறு. அவை நம்மைப் பற்றி நாமே அச்சிட்டவை. ஒரு தேதிக்கோ பெயருக்கோ உதவலாம்; ‘இந்த வட்டாரத்திலேயே மிகப் பழமையானது’ என்று சொல்லப் போதாது. மலரில் உள்ள கட்டுரையை அப்படியே தட்டச்சு செய்து ஏற்றினால் பதிப்புரிமைச் சிக்கலும் சேர்ந்துகொள்ளும். பழைய நாளிதழ்களைத் தேடுங்கள். 1924இல் தொடங்கி 2019இல் நின்றுபோன தமிழ் நேசனில் தோட்டச் செய்திகள் வந்துகொண்டே இருந்தன. சிங்கப்பூர் தேசிய நூலகம் இணையத்தில் வைத்திருக்கும் பழைய நாளிதழ்களிலும் மலாயாத் தோட்டங்களைப் பற்றி நிறையவே இருக்கிறது.

ஊருக்குக் கெட்ட பெயர் என்று கசப்பானதை நீக்குவது இன்னொன்று. 1948 ஜூன் 16 அன்று சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களில் மூன்று ஐரோப்பிய நிர்வாகிகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதைத் தொடர்ந்து மலாயாவில் அவசரகாலம் வந்தது. இதை அழித்தால் ஊரின் வரலாறே குறைப்பட்டுப் போகும். வேலைநிறுத்தம், கோயில் வழக்கு, பள்ளி இடமாற்றத் தகராறு எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். ஆனால் உயிரோடு இருப்பவரைப் பற்றி ஆதாரமே இல்லாமல் அவதூறு எழுதியிருந்தால் காத்திருக்க வேண்டாம். யார் வேண்டுமானாலும் உடனே நீக்கலாம். காரணத்தை மட்டும் தொகுப்புச் சுருக்கத்தில் (மாற்றத்தைச் சேமிக்கும்போது வரும் குறிப்புப் பெட்டி) எழுதிவிடுங்கள்.

கணக்கில் நுழையாமல் மாற்றுவது, இரண்டு மூன்று பெயர்களில் வந்து நமக்கு நாமே ஆமாம் போடுவது, வாட்ஸ்அப் குழுவில் சொல்லி உறவினர்களை இறக்கிவிடுவது ஆகியவை கட்டாயம் வேண்டாம். ஒவ்வொரு மாற்றமும் பக்கத்தின் வரலாற்றில் நிற்கும். விக்கிப்பீடியாவை நிறுவியவர்களில் ஒருவரான ஜிம்மி வேல்ஸே 2005இல் தன்னைப் பற்றிய கட்டுரையைத் திருத்தியது அப்படித்தான் வெளியே வந்தது. 2015இல் ஆங்கில விக்கிப்பீடியாவில் காசுக்காக மறைமுகமாக எழுதிவந்த 381 கணக்குகளை ஒரே நடவடிக்கையில் தடுத்தார்கள். பள்ளியின் பெயரில் கணக்குத் தொடங்கிக் கடவுச்சொல்லை ஐந்தாறு பேர் பகிர்ந்துகொள்வதும் கூடாது. ஒரு கணக்குக்கு ஒரு ஆள்தான்.

பணம் வாங்கினால் விதி கண்டிப்பானது. 2014 முதல், விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியா அறக்கட்டளையின் பயன்பாட்டு விதிகளின்படி, யார் பணம் தருகிறார்கள், யாருக்காக எழுதுகிறீர்கள், உங்களுக்கு என்ன தொடர்பு என்பதை வெளிப்படையாகச் சொல்லியாக வேண்டும். நிறுவனத்தில் சம்பளம் வாங்கும் ஊழியர் அந்த நிறுவனத்துக்காக அதன் பக்கத்தை எழுதினாலும் இதே விதிதான்.

சரி, என்னதான் செய்யலாம்? உங்கள் பயனர் பக்கத்தில் தொடர்பைச் சொல்லிவிடுங்கள். எழுத்துப்பிழை திருத்துங்கள், விஷமத்தனமான மாற்றங்களை மீளுங்கள், நீங்களே எடுத்த ஆலய, பள்ளிப் படங்களைப் பொதுவகத்தில் (விக்கிமீடியாவின் படக் களஞ்சியம்) ஏற்றுங்கள். மற்றதைக் கட்டுரையின் பேச்சுப் பக்கத்தில் கேளுங்கள்: “நான் இந்த ஆலய நிர்வாகக் குழுவின் செயலாளர். கட்டுரையில் உள்ள தொடக்க ஆண்டு தவறு. இன்ன நாளிதழில், இன்ன தேதியில் வந்த செய்தி வேறு ஆண்டைச் சொல்கிறது. பார்த்து மாற்ற முடியுமா?” இப்படிக் கேட்டால் எதிரில் இருப்பவருக்கும் சரிபார்ப்பது எளிது. தமிழ் விக்கிப்பீடியாவில் எல்லாரும் தன்னார்வலர்கள், அதனால் பதில் வரச் சில வாரம் ஆகலாம். அதற்குள் நீங்களே மாற்றிவிடாதீர்கள். தமிழ் விக்கிப்பீடியாவின் பொது உரையாடல் பக்கமான ஆலமரத்தடியில் ஒரு குறிப்புப் போட்டால் யாராவது வந்து பார்ப்பார்கள்.