அமெரிக்க ராணுவ ரிசர்வின் உளவுப் பிரிவில் சேர ஆசையா? முதலில் உங்களை எடைபோட்டுக்கொள்ளுங்கள்

அமெரிக்கக் குடியுரிமை உள்ள தமிழ்ப் பிள்ளைகள் சிலர், படித்துக்கொண்டோ வேலை பார்த்துக்கொண்டோ பகுதிநேரப் படையான ராணுவ ரிசர்வில் சேர விரும்புகிறார்கள். உளவுப் பிரிவு என்றால் ஆர்வம் இன்னும் கூடுகிறது. பெரும்பாலும் நேரே ஆள்சேர்ப்பு அலுவலகத்துக்குப் போய்விடுகிறார்கள். நான் வேறு வரிசையைச் சொல்வேன். முதலில் வீட்டில் உட்கார்ந்து உங்களைச் சோதித்துப் பாருங்கள், அப்புறம் ரெக்ரூட்டரைப் பாருங்கள். உடம்பும் மதிப்பெண்ணும் தேவைதான். ஆனால் இந்த வேலைக்கு ஒருவர் ஒத்துவருவாரா என்பது மூன்று விஷயங்களில் தெரிந்துவிடும்: தன்னைப் பற்றிய முழு உண்மையை எழுதித்தர முடிகிறதா, தெரிந்ததையும் ஊகித்ததையும் பிரித்துச் சொல்ல வருகிறதா, ரகசியத்தை வெளியே சொல்லாமல் வாயைக் கட்ட முடிகிறதா.

படி 1: வேலை என்னவென்று தெரிந்துகொள்ளுங்கள்

ராணுவத்தில் உளவு வேலைகளுக்கு 35 என்று தொடங்கும் எண்கள் உண்டு. 35எஃப் என்பவர் பகுப்பாய்வாளர். பல இடங்களிலிருந்து வரும் அறிக்கைகளையும் வரைபடங்களையும் சேர்த்துப் பார்த்து, எதிரி அடுத்து என்ன செய்யக்கூடும் என்று தளபதிக்குச் சொல்பவர். 35எம் ஆட்களிடம் பேசித் தகவல் திரட்டுபவர். 35என் மின்காந்த சிக்னல்களை ஆராய்பவர். பகுப்பாய்வாளரின் நாள் பெரும்பாலும் படிப்பது, எழுதுவது, அதிகாரிகள் முன் நின்று விளக்குவது என்றே போகும். வாசிக்கப் பொறுமை இல்லாதவருக்கு இது தண்டனையாகத்தான் இருக்கும்.

ரிசர்வில் உளவுப் படையணிகளுக்கென்றே தனிக் கட்டளையகம் உண்டு. அதன் தலைமையகம் வர்ஜீனியாவின் ஃபோர்ட் பெல்வாரில் இருக்கிறது. கலிபோர்னியாவில் நம்மவர்கள் நிறையப் பேர் வாழும் டப்ளின் ஊரிலேயே, கேம்ப் பார்க்ஸ் முகாமில் ரிசர்வ் உளவு மையம் ஒன்று இயங்குகிறது.

படி 2: எஸ்.எஃப். 86 படிவத்தை மனதுக்குள் நிரப்பிப் பாருங்கள்

பலர் தடுக்கி விழும் இடம் இதுதான், கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். இந்த வேலைகளுக்கு டாப் சீக்ரெட் அனுமதி, அதாவது மிக ரகசியமான தகவல்களைப் பார்க்கும் அனுமதி வேண்டும். அதற்கு அமெரிக்கக் குடியுரிமை கட்டாயம். கிரீன் கார்டு வைத்திருப்பவர் ராணுவத்தில் வேறு வேலைகளில் சேரலாம், இதில் முடியாது.

எஸ்.எஃப். 86 என்பது பின்னணி விசாரணைக்கான நீண்ட படிவம். கடந்த 10 ஆண்டுகளில் எங்கெல்லாம் குடியிருந்தீர்கள், எங்கெல்லாம் வேலை பார்த்தீர்கள் என்று இடைவெளி இல்லாமல் எழுத வேண்டும். கடந்த 7 ஆண்டு வெளிநாட்டுப் பயணங்கள், போதைப்பொருள் பழக்கம், கட்டாத கடன் எல்லாம் வரும். கஞ்சா உங்கள் மாநிலத்தில் சட்டப்படி கிடைக்கலாம். மத்திய அரசுச் சட்டத்தில் அது குற்றம்தான், படிவமும் அந்தக் கணக்கில்தான் கேட்கும்.

நம் குடும்பங்களுக்கு வேலை கூடுதல். இந்தியாவிலோ இலங்கையிலோ இருக்கும் அப்பா, அம்மா, அண்ணன், தங்கை, மாமனார், மாமியார் விவரம் எல்லாம் வேண்டும். நெருங்கிப் பழகும் சித்தி, மாமாவும் வெளிநாட்டுத் தொடர்பு என்ற தலைப்பில் வருவார்கள். அம்மாவின் பிறந்த தேதி பள்ளிச் சான்றிதழில் ஒன்று, பாஸ்போர்ட்டில் இன்னொன்று என்றால் இப்போதே விசாரித்து வையுங்கள். உங்கள் பெயர் ஓர் ஆவணத்தில் இனிஷியலோடும் மற்றொன்றில் அப்பா பெயர் விரிந்தும் இருந்தால், இரண்டையும் குறிப்பிட வேண்டும். ஊரில் தாத்தா வீட்டில் பங்கு, அப்பாவோடு சேர்ந்து வைத்திருக்கும் வங்கிக் கணக்கு, வெளிநாடுவாழ் இந்தியர்களுக்கான என்.ஆர்.இ. வைப்புத்தொகை எல்லாம் வெளிநாட்டுச் சொத்துதான். இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு தரும் ஓ.சி.ஐ. அட்டை இருந்தால் அதையும் மறைக்காதீர்கள்.

ஊரில் உறவினர் இருப்பதாலேயே அனுமதி மறுக்கப்படுவதில்லை. விசாரிப்பவர்கள் ஒருவரை முழு மனிதராகப் பார்த்தே முடிவெடுக்க வேண்டும் என்பது விதி. உண்மையில் ஆளைக் கவிழ்ப்பது மறைப்பு. "அதையெல்லாம் எழுத வேண்டாம், யாருக்குத் தெரியப்போகிறது" என்று யாராவது சொன்னால், சொல்பவர் யாராக இருந்தாலும் கேட்காதீர்கள். தெரிந்தே பொய் எழுதினால் 5 ஆண்டு வரை சிறைத்தண்டனை கிடைக்கக்கூடிய குற்றம் அது, கையெழுத்து உங்களுடையது. இந்தக் கேள்விகளைப் படிக்கும்போதே, எதை எழுதாமல் விடலாம் என்று மனம் கணக்குப் போட்டால், இந்த வேலையை விட்டுவிடுவதே நல்லது என்று உறுதியாகச் சொல்வேன்.

படி 3: அரைப் பக்கம் எழுதிப் பாருங்கள்

ஏதாவது ஒரு வெளிநாட்டுச் செய்தியை எடுங்கள். துறைமுக வேலைநிறுத்தம் என்று வைத்துக்கொள்வோம். நான்கு செய்தித்தளங்களைப் படித்துவிட்டு, அடுத்த ஒரு வாரத்தில் என்ன நடக்கும் என்று அரைப் பக்கம் எழுதுங்கள். "துறைமுகம் மூடப்படும்" என்று எழுதினால் அது ஆரூடம். இப்படி எழுதிப் பாருங்கள்: "ஒரு வாரத்துக்குள் துறைமுகம் மூடப்பட வாய்ப்பு அதிகம். நான்கு செய்திகளில் மூன்று ஒரே அதிகாரியின் பேச்சையே நம்பி எழுதப்பட்டவை. எனவே அவற்றை ஒரே ஆதாரமாகத்தான் எண்ண வேண்டும்."

அமெரிக்க உளவுத்துறைகளுக்கென 2015-இல் திருத்தி வெளியிடப்பட்ட 203-ஆம் எண் ஆணை இந்தச் சொற்களுக்கு எண்ணே கொடுத்திருக்கிறது. நடக்க வாய்ப்பு அதிகம் என்றால் 55 முதல் 80 சதவீதம், பெரும்பாலும் நடக்கும் என்றால் 80 முதல் 95. ஏறக்குறைய நிச்சயம் என்று எழுத 95-க்கு மேல் வேண்டும். எழுதியதை, உங்களைத் தயங்காமல் திட்டக்கூடிய நண்பரிடம் கொடுங்கள். அவர் ஓட்டை கண்டுபிடிக்கும்போது கோபம் வருகிறதா, ஆர்வம் வருகிறதா என்று கவனியுங்கள். அங்கே தினமும் நடக்கப்போவது இதுதான்.

படி 4: வீட்டில் பேசுங்கள்

ரகசிய அறைக்குள் போகும்முன் கைப்பேசியையும் ஸ்மார்ட் வாட்சையும் வெளியே சின்ன லாக்கரில் வைத்துப் பூட்ட வேண்டும். உள்ளே பார்த்ததைக் கணவரிடமோ மனைவியிடமோகூடச் சொல்ல முடியாது. ஊருக்குப் போவதென்றால் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். திடீரென்று தாத்தா காரியத்துக்குக் கிளம்பினாலும் தகவல் கொடுக்க வேண்டும். எல்லாவற்றையும் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பகிரும் வீடு என்றால் இதை முன்பே பேசி வைப்பது நல்லது.

படி 5: இப்போது ரெக்ரூட்டரிடம் போங்கள்

ராணுவத்தில் சேர்வதற்கான ஆஸ்வாப் தகுதித் தேர்வு எழுத வேண்டும். 35எஃப் வேலைக்கு அதில் எஸ்.டி. என்ற பிரிவு மதிப்பெண் 101 வேண்டும். அறிவியல், மொழி, கணக்கு, இயந்திர அறிவு நான்கையும் சேர்த்து வருவது அது. அப்புறம் மெப்ஸ் என்ற ராணுவச் சேர்ப்பு மையத்தில் மருத்துவச் சோதனை.

ரிசர்வில் காலியிடம் இருக்கும் படையணியில்தான் இடம் கிடைக்கும். அதனால் "என் வீட்டிலிருந்து போய்வரும் தூரத்தில் 35எஃப் காலியிடம் எங்கே?" என்பதே உங்கள் முதல் கேள்வியாக இருக்கட்டும். வேறு வேலையில் சேர்ந்துவிட்டு அப்புறம் மாறிக்கொள்ளலாம் என்ற வாய்மொழியை நம்ப வேண்டாம். வேலையின் எண், படையணி, போனஸ் எல்லாம் ஒப்பந்தத் தாளில் இருக்கிறதா என்று விரல் வைத்துப் படியுங்கள். மொத்தக் கடமைக் காலம் 8 ஆண்டு. வழக்கமான ஓர் ஏற்பாட்டில் முதல் 6 ஆண்டும் மாதாந்திரப் பயிற்சிக்கு வர வேண்டும். மீதி 2 ஆண்டு, தேவைப்பட்டால் அழைக்கப்படும் பட்டியலில் இருப்பீர்கள்.

படி 6: காலண்டரில் குறியுங்கள்

அடிப்படைப் பயிற்சி 10 வாரம். அதன்பின் அரிசோனாவின் ஃபோர்ட் வாச்சூகாவில் 35எஃப் பயிற்சி சுமார் 4 மாதம். திரும்பி வந்தபின் மாதம் ஒரு வார இறுதியும் ஆண்டுக்கு 2 வாரமும். போர்ப் பணிக்கு அழைப்பு வந்தால் மாதக்கணக்கில் போக நேரிடும், அதற்கும் மனதைத் தயார்செய்துகொண்டே கையெழுத்திடுங்கள்.

வேலை பார்ப்பவர்களுக்கு 1994-இல் வந்த யுஸெரா சட்டம் பாதுகாப்பு. ராணுவப் பணிக்குப் போய்வந்தால் பழைய வேலையைத் திரும்பத் தர வேண்டும் என்கிறது. ஒரே முதலாளியிடம் இந்தக் காலம் பொதுவாக மொத்தம் 5 ஆண்டு வரை. பயிற்சித் தேதி கையில் வந்ததும் மேலாளருக்கு மின்னஞ்சலில் தெரிவித்து, அதன் நகலைச் சொந்த மின்னஞ்சலிலும் சேமித்துவிடுங்கள்.