பால்டிமோர் போனால் இந்த அருங்காட்சியகத்தை விட்டுவிடாதீர்கள்

அமெரிக்காவின் பால்டிமோரில் அமெரிக்கன் விஷனரி ஆர்ட் மியூசியம் என்று ஒன்று இருக்கிறது, 1995இல் திறந்தது, ஓவியப் பள்ளிப் பக்கமே போகாமல் தானாகவே கற்றுக்கொண்டவர்களின் படைப்புகளுக்கானது. உள்ளே போகுமுன் முற்றத்தில் நிற்கும் 55 அடி உயரக் காற்றாடியைக் கட்டாயம் பாருங்கள். வட கரோலினாவில் எந்திரங்கள் பழுது பார்த்துவந்த வாலிஸ் சிம்ப்சன் சைக்கிள் சக்கரம், ஆயில் ஃபில்டர் என்று கிடைத்ததையெல்லாம் வைத்துச் செய்தது, காற்றடிக்கும்போது ஒவ்வொரு துண்டும் தனித்தனியாகச் சுழலும். இதைப் பார்க்க டிக்கெட்டே வேண்டாம்.

உள்ளே படைப்பை மட்டும் பார்த்துவிட்டு நகராமல், பக்கத்தில் எழுதியிருக்கும் வாழ்க்கைக் குறிப்பையும் படியுங்கள், பாதி விஷயம் அதில்தான் இருக்கிறது.

முடிந்தால் இந்த அருங்காட்சியகமே வசந்த காலத்தில் நடத்தும் கைனடிக் (நகரும்) சிற்பப் பந்தயத்தை ஒட்டிப் போங்கள். மிதித்தே ஓட்டும் சிற்ப வண்டிகள் ரோடு, தண்ணீர், சேறு எல்லாவற்றையும் தாண்ட வேண்டும். ஃபிஃபி என்ற பிரம்மாண்டமான இளஞ்சிவப்பு நாய் வண்டிதான் எல்லோருக்கும் செல்லம். நடுவில் வந்து முடிப்பவருக்குத்தான் பெரிய பரிசு! வழி நெடுக அலையாமல் நகரின் கேன்டன் பகுதிக் கரையில் முன்னதாகவே இடம் பிடித்துவிடுங்கள், வண்டிகள் தண்ணீரில் இறங்குவது அங்கேதான். தேதி ஆண்டுக்காண்டு மாறும், அருங்காட்சியகத்தின் இணையதளத்தில் பார்த்துவிட்டுப் பயண டிக்கெட் போடுங்கள்.