கேம் ஓடும்போது மட்டும் ரீஸ்டார்ட்: கம்ப்யூட்டருக்கு மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ்ஸின் ஸ்டிக்கரைப் பாருங்கள்

ரேடியான் ஆர்எக்ஸ் 6600 கிராபிக்ஸ் கார்டு போட்ட பிறகு பிரௌசர், யூடியூப் எல்லாம் சரியாக ஓடின. கேம் திறந்து கூட்டமான காட்சி வந்தால் மட்டும் சிஸ்டம் பட்டென்று அணைந்து தானே ரீஸ்டார்ட் ஆகும். நீலத்திரை இல்லை, எந்த எரர் செய்தியும் இல்லை.

முதலில் டிரைவரை முழுசாக நீக்கிப் புதிதாகப் போட்டேன். ராமைக் கழற்றித் துடைத்தேன். மதுரை வெயில்தானோ என்று கேபினெட் மூடியைத் திறந்து டேபிள் ஃபேன் வைத்தும் பார்த்தேன். கார்டின் சூடு 70 டிகிரியைத் தாண்டவே இல்லை, ஆனாலும் அணைந்தது. விண்டோஸ் மாற்றியதும் வீண்.

கடைசியில் கேபினெட்டோடு வந்த எஸ்எம்பிஎஸ்ஸைக் கழற்றினேன். பெரிய எழுத்தில் 450 வாட். கீழே பொடி எழுத்தில் +12வி (12 வோல்ட்) வரிசையில் 16 ஆம்பியர். 12ஐ 16ஆல் பெருக்கினால் 192 வாட்தான். கார்டும் பிராசஸரும் மின்சாரம் எடுப்பது பெரும்பாலும் இந்த 12 வோல்ட்டில்தான். கார்டுக்கு 132 வாட், பிராசஸருக்கு 65 வாட். அங்கேயே 197 ஆகிவிட்டது. அந்த எஸ்எம்பிஎஸ்ஸில் கார்டுக்கு மின்சாரம் தரும் 8 பின் வயரும் கிடையாது. பழைய ஹார்டுடிஸ்க் வயரில் கன்வெர்ட்டர் மாட்டித்தான் கார்டுக்குக் கொடுத்திருந்தார்கள். தொட்டால் அந்த வயர் சுட்டது.

டவுன்ஹால் ரோட்டில் 550 வாட் 80 பிளஸ் பிரான்ஸ் (மின்சாரம் வீணாவது குறைவு என்பதற்கான தரச்சான்று) எஸ்எம்பிஎஸ் வாங்கி, அதிலேயே வரும் 8 பின் வயரை நேராகக் கார்டில் மாட்டினேன். அன்றிரவே ஐயம் தீர்ந்தது, அதே காட்சி தடையில்லாமல் ஓடியது. வாட் எண்ணை மட்டும் சொல்லி விற்றால், 12 வோல்ட் ஆம்பியரைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள்.