தனி ஆளின் மாதக் கணக்கு: ஒரு கொப்பியில் தொடங்குவது எப்படி?

வேலைக்காக மட்டக்களப்பு நகரத்திலோ கல்முனையிலோ போடிங் எடுத்துத் தனியாக இருப்பவர்களுக்கான குறிப்பு இது. குடும்பத்தில் இருந்தால் 'காசு எங்கே போனது?' என்று கேட்க ஓர் ஆள் இருக்கும். தனி ஆளுக்கு அந்தத் தொல்லை இல்லை, அதனால்தான் 20ஆம் திகதிக்கே கை வறண்டு போகிறது. ஒரு கொப்பி, ஒரு பேனை, நாலைந்து பழைய என்வலப் போதும். போன் செயலி எல்லாம் பிறகு பார்க்கலாம்.

1. கைக்கு வருவதை எழுதுங்கள்

உதாரணத்துக்குச் சம்பளம் 60,000 ரூபா என்று வைப்போம். தனியார் வேலை என்றால் அதில் 8 வீதம், அதாவது 4,800 ரூபா, ஊழியர் சேமலாப நிதிக்குக் கழிபடும். (முதலாளி தன் பங்குக்கு 12 வீதம் போடவேண்டும். அதையும் ஒருமுறை விசாரித்து வையுங்கள்.) ஆகவே முதல் வரியில் 55,200 என்று எழுதுங்கள். ஓவர்டைம் காசை இதில் சேர்க்க வேண்டாம், வந்த பிறகு பார்ப்போம்.

2. அசையாத செலவுகளைக் கழியுங்கள்

அறை வாடகை 12,000, வீட்டுக்கு அனுப்புவது 10,000, சீட்டு 5,000, பைக்குக்குப் பெற்றோல் 4,500, போன் 1,700, கரண்டும் தண்ணீரும் 1,500. மொத்தம் 34,700. மிச்சம் 20,500.

சீட்டைச் சேமிப்பு என்று பலர் எழுதுவார்கள். நான் எழுதமாட்டேன். அவசரத்துக்கு எடுக்க முடியாத காசு, கட்டாவிட்டால் ஊரில் பெயர் கெடும் காசு, செலவுப் பக்கத்தில்தான் இருக்கவேண்டும்.

கரண்டில் ஒன்றைக் கவனியுங்கள். அறைக்குத் தனி மீற்றர் இருந்து, மாதம் 60 அலகைத் தாண்டினால், தாண்டிய அலகுகளுக்கு மட்டும் விலை கூடாது. முதல் 60 அலகுக்கும் சேர்த்தே கூடும். மாத நடுவில் மீற்றரை ஒருதரம் எட்டிப் பார்த்தால் போதும்.

3. வருடச் செலவைப் பன்னிரண்டாகப் பிரியுங்கள்

தனி ஆட்களின் கணக்கு உடைவது பெரும்பாலும் இங்கேதான். பைக் இன்சூரன்ஸ், புகைச் சான்றிதழ், வருட லைசன்ஸ். தைப்பொங்கல், சித்திரை வருடம், தீபாவளி அல்லது இரண்டு பெருநாளுக்கும் உடுப்பு. ஆடி அமாவாசைக்கு மாமாங்கம் கோயிலுக்குப் போனால் வீட்டுப் பிள்ளைகளுக்கு வாங்கும் சாமான். எல்லாவற்றையும் விட, கலியாண வீடும் சாமத்திய வீடும். 'தனிக்கட்டைதானே, காசு இருக்கும்' என்று நினைத்து எல்லோரும் கார்ட் தருவார்கள். போன வருடம் எத்தனை வீட்டுக்குப் போனீர்கள், என்வலப்பில் எவ்வளவு வைத்தீர்கள் என்று யோசித்து எழுதுங்கள். எல்லாம் சேர்ந்து 36,000 வந்தால் மாதம் 3,000. சம்பளம் எடுத்த அன்றே அதை வேறு வங்கிக் கணக்கில் போட்டுவிடுங்கள், அந்த அட்டையை பேர்ஸில் வைக்க வேண்டாம். மிச்சம் 17,500.

சவர்க்காரம், முடிவெட்டு, மருந்துக்கு 1,500 ஒதுக்கினால் 16,000.

4. சாப்பாட்டைக் கிழமைக் கணக்காக்குங்கள்

16,000ஐ நாலால் பிரிக்காதீர்கள், மாதக் கடைசி இரண்டு மூன்று நாள் பட்டினியாகிவிடும். கிழமைக்கு 3,700 படி நாலு என்வலப், மிச்ச 1,200 ஐந்தாவது என்வலப்பில். ஒவ்வொரு திங்களும் ஒன்றைத்தான் திறக்கலாம்.

நாளுக்கு 530 ரூபா அளவில் வருகிறது. மூன்று வேளையும் கடைப் பார்சல் என்றால் இது காணாது. மதியம் பார்சல், இரவுக்கு நீங்களே ஒரு சோறும் கறியும் என்று வையுங்கள். தனி ஆளுக்கு மீன்தான் சிக்கல். சந்தையில் கூறு வைத்து விற்கும் மீன் ஒருவருக்குக் கூட, பாதி பழுதாகும். பக்கத்து அறைக்காரரோடு பங்கு போட்டு வாங்குங்கள், காசை அங்கேயே தீருங்கள். மரக்கறியைக் கால் கிலோவாகவே கேளுங்கள், கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும். நவம்பர் முதல் ஜனவரி வரை மழையில் மீனும் மரக்கறியும் விலை ஏறும், அந்த மாதங்களில் ஓவர்டைம் காசு இந்த என்வலப்புக்குத்தான்.

5. இரவில் இரண்டு நிமிடம்

அன்றைய செலவைப் படுக்கப்போகும் முன் எழுதுங்கள். பிளேன் ரீ, ரோல்ஸ் எல்லாம் உட்பட. கடைக் கொப்பியில் கடன் வைத்தால் வாங்கிய அன்றே எழுதவேண்டும், கொடுத்த அன்று அல்ல.

6. மாத முடிவில்

எந்த என்வலப் அதன் கிழமை முடியும் முன்னமே காலியானது என்று மட்டும் பாருங்கள். ஒரே என்வலப் இரண்டு மாதம் தொடர்ந்து அப்படிக் காலியானால் அதன் தொகைதான் பிழை, 500 கூட்டி வேறொன்றில் 500 குறையுங்கள். வருடச் செலவுக் கணக்கில் மட்டும் கை வைக்க வேண்டாம். சீட்டு எடுக்கும் மாதம் வந்தால், அந்தக் காசு எதற்கு என்று கொப்பியில் எழுதிவிட்டே வாங்கப் போங்கள்.