சாய்தளம் கட்டியாச்சு, அப்புறம்? மாற்றுத்திறனாளி ஊழியர் விஷயத்தில் பல்கலைக்கழகங்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கல்லூரி, பல்கலைக்கழகங்களின் தரத்தை மதிப்பிடும் நாக் (NAAC) குழு வரப்போகிறது என்றால் வளாகத்தில் முதலில் முளைப்பது சாய்தளம்தான். நிர்வாகக் கட்டட வாசலில் சிமெண்ட் பூசி, பக்கத்தில் நீல நிறச் சக்கர நாற்காலிப் படம் ஒட்டி, போட்டோ எடுத்துக் கோப்பில் சேர்த்துவிடுவார்கள். சக்கர நாற்காலியில் வரும் ஒருவரை அழைத்து ஏறிப் பார்க்கச் சொல்வது மட்டும் நடக்காது.

சாய்தளத்துக்கு அளவு 1:12. ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம். 15 செ.மீ. உயரப் படிகள் மூன்று இருந்தால் மொத்த உயரம் 45 செ.மீ.; சாய்தளம் 5.4 மீட்டராவது நீள வேண்டும். இடமில்லை என்று இரண்டு மீட்டரில் முடித்துவிட்டால், பின்னாலிருந்து ஆள் தள்ளாமல் ஏற முடியாது, இறங்கும்போது கவிழ்கிற பயம் வேறு. மேலே போய்ச் சேர்ந்ததும் நாற்காலியை நிறுத்திக் கதவைத் திறக்கச் சமதளம் இருக்காது. இடம் போதாவிட்டால் நடுவில் திருப்பம் வைத்துக் கட்டலாம், அல்லது படி குறைவான பக்கவாட்டு வாசலைத் தேர்ந்தெடுக்கலாம். ஒப்பந்தக்காரரிடம் விட்டால் இரண்டும் நடக்காது.

மாற்றுத்திறனாளிகளுக்கான கழிப்பறை கதையும் இதேதான். இருக்கும், ஆனால் பூட்டியிருக்கும். உள்ளே பழைய விடைத்தாள் கட்டுகளும் துடைப்பமும். சாவி வைத்திருப்பவர் சாப்பிடப் போயிருப்பார். அதனாலேயே பகல் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் வேலை பார்ப்பவர்கள் உண்டு.

கட்டடத்தை விடப் பெரிய தவறுகள் அலுவலக மேசையில் நடக்கின்றன. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, அரசு நிறுவனங்கள் தங்கள் ஊழியருக்கு நியாயமான வசதி (அதாவது, பாதிப்புக்கு ஏற்றபடி வேலை பார்க்கத் தேவையான மாற்றங்கள்) செய்துதர வேண்டும் என்று பிரிவு 20இல் சொல்கிறது. வசதி கேட்டு மனு கொடுத்தால் அலுவலகத்திலிருந்து வரும் முதல் கேள்வி, “சான்றிதழில் பாதிப்பு எத்தனை சதவீதம்?” 40 சதவீதத்துக்குக் கீழே என்றால் மனு திரும்பி வரும். இங்கேதான் குழப்பம். 40 சதவீத வரம்பு இடஒதுக்கீட்டுக்கு உரியது. வேலையில் 4 சதவீதம், உயர்கல்விச் சேர்க்கையில் 5 சதவீதம் என்ற கணக்குக்கு அது தேவை. நியாயமான வசதிக்கு அந்த வரம்பு கிடையாது. எழுதும்போது கை பிடித்துக்கொள்ளும் பாதிப்புள்ள விகாஸ் குமார், யுபிஎஸ்சி தேர்வில் தான் சொல்லச் சொல்ல எழுத ஓர் ஆள் கேட்டுத் தொடுத்த வழக்கில், 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகவே சொல்லிவிட்டது. ஆனாலும் பல அலுவலகங்களில் பழைய வாய்ப்பாடுதான் ஓடுகிறது.

அப்புறம் சுற்றறிக்கைகள். தட்டச்சு செய்து, அச்செடுத்து, கையெழுத்து வாங்கி, ஸ்கேன் செய்து பிடிஎஃப்பாக வாட்ஸ்அப் குழுவில் போடுகிறோம். திரையில் உள்ள எழுத்தைக் குரலில் படித்துக்காட்டும் திரைவாசிப்பான் மென்பொருளைப் பயன்படுத்துகிறார் பார்வையற்ற பேராசிரியர்; அதற்கு அது வெறும் படம். ஒரு வரி படிக்காது. ஸ்கேன் செய்யாமல் கோப்பாகவே அனுப்பினாலும் தமிழில் இன்னொரு வில்லங்கம் இருக்கிறது. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்திருந்தால் கண்ணுக்குத் தமிழ், கணினிக்கு ஆங்கில எழுத்துகள். ‘துணைவேந்தர்’ என்ற சொல்லில் ‘துணை’ என்பது அதற்கு ஜே, ஐ, இசட். 2010லேயே ஒருங்குறியை (யூனிகோடு) தரமாக ஏற்றது தமிழ்நாடு அரசு; நம் அலுவலகக் கணினிகளில் இன்னும் பாமினி போகவில்லை. கையெழுத்திட்ட ஸ்கேனோடு ஒருங்குறிக் கோப்பையும் சேர்த்து அனுப்பினால் போதும். என்விடிஏ (NVDA) என்ற திரைவாசிப்பான் இலவசம், தமிழும் வாசிக்கும்.

இன்னொன்று, இரக்கத்தின் பெயரில் நடப்பது. “பாவம், அவருக்கு எதுக்கு எக்ஸாம் டியூட்டி” என்று பெயரை நீக்கிவிடுவார்கள். யாரும் அவரைக் கேட்டிருக்க மாட்டார்கள். பதவி உயர்வுக்கு விண்ணப்பிக்கும்போதுதான் வினை. பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2018 விதிமுறைகளில் தேர்வுப் பணி, நிர்வாகப் பொறுப்பு எல்லாம் மதிப்பீட்டில் வருகின்றன. அந்தக் கட்டங்கள் காலியாக இருப்பதற்கு ‘பாவம்’ சொன்னவர் பதில் சொல்ல வர மாட்டார். தரைத்தளத்தில் அறைக் கண்காணிப்பு கொடுத்திருக்கலாமே.

பணியில் இருக்கும்போது விபத்தாலோ நோயாலோ பாதிப்பு வந்தவரை, “விருப்ப ஓய்வு வாங்கிக்கொள்ளுங்களேன்” என்று நைசாகத் தள்ளுவது சட்டப்படியே தவறு. பணிக்காலத்தில் மாற்றுத்திறனாளி ஆனவரை நீக்கவோ பதவி இறக்கவோ கூடாது. பார்த்த வேலை முடியாவிட்டால் அதே சம்பளத்தில் வேறு பணி தர வேண்டும். அப்படி ஒரு பணியிடம் இல்லையென்றால், அது கிடைக்கும்வரையோ ஓய்வு வயதுவரையோ அவருக்கென்றே கூடுதலாக உருவாக்கும் உபரிப் பணியிடத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

மருத்துவச் சான்றிதழைத் துறையின் வாட்ஸ்அப் குழுவில் பகிர்வதும் வேண்டாம். அது யார் கையில் இருக்க வேண்டுமோ அவரோடு நிற்கட்டும்.

மனு எங்கே போகிறது என்பதையும் பாருங்கள். துறைத்தலைவர், பதிவாளர், நிதி அலுவலர், மறுபடி துறைத்தலைவர் என்று சுற்றிவருவதற்குள் பருவம் முடிந்துவிடும். சம வாய்ப்புக் கொள்கையை வெளியிட வேண்டும், குறைதீர் அலுவலரை நியமிக்க வேண்டும் என்று சட்டத்திலேயே இருக்கிறது. அந்த அலுவலரின் பெயரும் தொலைபேசி எண்ணும் வாயிலிலேயே தெரிகிற மாதிரி இருந்தால் பாதி அலைச்சல் குறையும்.

‘நிதி இல்லை’ என்ற பதிலை எல்லாவற்றுக்கும் சொல்லாதீர்கள். நிறுவனத்தின் மீது அளவுக்கு மீறிய சுமை விழுமானால் சட்டமே விலக்கு தருகிறது. ஆனால் கேட்கப்படுபவற்றில் நிறைய விஷயங்களுக்குச் செலவே கிடையாது. ஊன்றுகோலோடு வரும் ஆசிரியருக்கு இரண்டாம் மாடி வகுப்பைக் கீழே மாற்றுவது அப்படிப்பட்டது. கால அட்டவணை போடும் முன்பே அவரிடம் கேட்டுவிட வேண்டும். போட்டபிறகு மாற்றினால் நான்கு பேர் அறை மாற வேண்டிவரும், அந்த எரிச்சல் முழுக்க அவர் மேல்தான் திரும்பும்.